பக்கத்து மலை வியாதி

குளியல் கூடத்து வாசலில் தட்சு இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றாள். என் இடுப்பில் மரத்தொட்டி, தோளில் துண்டு. எனக்குப் பின்னால் என் மகள் ஃபுகி. தாது பொறுக்கும் கொட்டகையில் வேலை முடிந்து பெண்கள் எல்லோரும் குளிக்க வரும் நேரம் அது.

"உள்ள வராத, ஷிகே."

"ஏன், தண்ணி இன்னும் சுடலையா?"

"சுடுது. உங்க வீட்டுக்கு இல்ல."

நான் சிரித்துவிட்டேன். தட்சுவும் நானும் ஒரே வருஷம் வாழ்க்கைப்பட்டு இந்தச் செப்பு மலைக்கு வந்தவர்கள். சுரங்கத்து வரிசை வீடுகளில் அவள் வீட்டுக்கும் என் வீட்டுக்கும் நடுவே ஒரே ஒரு பலகைச் சுவர். அவள் தும்மினால் இந்தப் பக்கமிருந்து நான் திட்டுவேன். அவள் புருஷன் கொன்சோவும் என் புருஷன் யோசபுரோவும் சுரங்கத்து ஆட்களின் சங்கத்தில் ஒரே கிண்ணத்தில் சாக்கே குடித்து அண்ணன் தம்பி ஆனவர்கள். அவள் மகன் செய்ஜிக்கும் என் ஃபுகிக்கும் அறுவடை முடிந்ததும் கல்யாணம். நிச்சயத்து விருந்தில் ஒரே முள்ளங்கி ஊறுகாய்த் துண்டை அவள் சாப்பாட்டுக் குச்சியும் என் குச்சியும் ஒன்றாகப் பிடித்துவிட்டன. இரண்டு பேர் சேர்ந்து ஒன்றைக் குச்சியால் தூக்குவது சுடுகாட்டில் எலும்பு பொறுக்கும்போது மட்டும்தான். தட்சு குச்சியைக் கீழே போட்டுவிட்டு, "சம்பந்தியாகறதுக்கு முன்னாலேயே என்னைப் பொறுக்கப் பார்க்கறியா, சனியனே!" என்று கத்தினாள். சபையே சிரித்தது. அப்படிப்பட்டவள் இப்போது வழி மறித்தால் நான் வேறு என்ன நினைப்பேன்? விளையாட்டு என்றுதான் காலை எடுத்து வைத்தேன்.

அவள் என் தொட்டியைப் பிடித்துத் தள்ளினாள். அது படியில் உருண்டு கீழே கல்லில் போய் மோதியது.

"விளையாட்டு இல்லடி. உங்க வாசல்ல சுண்ணாம்பு தூவியிருக்காங்க. ஊரே பார்த்தாச்சு. காசம் வந்த வீட்டு ஆளை இந்தத் தண்ணியில இறக்கினா நாளைக்கு என்னைத்தான் கேட்பாங்க. கூடத்துச் சாவி என் இடுப்புல இருக்கு."

"யாருக்குடி காசம்?"

"உன் புருஷனுக்கு. டாக்டர் சொல்லிட்டாரு."

ஃபுகி முன்னால் வந்தாள். "அத்தை, அப்போ எங்க…" என்று ஆரம்பித்து நிறுத்திக்கொண்டாள்.

தட்சு அவளைப் பார்க்கவில்லை. தரையைப் பார்த்துக்கொண்டுதான் சொன்னாள். "அதையும் மறந்துடு கண்ணு. ரத்தத்துல ஓடுற வியாதி. என் பையனுக்கு நான் விஷத்தைக் கட்டி வைக்க முடியாது."

வரிசையில் நின்ற ஒருத்தியாவது வாயைத் திறப்பாள் என்று பார்த்தேன். எல்லோரும் தங்கள் துண்டுகளை மடிப்பதில் மும்முரமாக இருந்தார்கள். நான் தொட்டியைப் பொறுக்கிக்கொண்டேன். அதில் ஒரு பலகை விட்டுப் போயிருந்தது.

அதற்கு முந்தின நாள் மருத்துவமனை ஆள் வாளியோடு வந்து எங்கள் வாசலில் சுண்ணாம்பு தூவியபோது நான் வீட்டில் இல்லை. வந்து பார்த்து, ஏதோ பூச்சிக்குப் போட்டிருக்கிறார்கள் என்று துடைப்பத்தால் பெருக்கித் தள்ளினேன். பெருக்கினால் போகிற விஷயமா அது? எங்கள் ஊரில் காசம் என்றால் பரம்பரைக்கே பூட்டுப் போட்ட மாதிரி. அந்த வீட்டுப் பெண்ணை யாரும் எடுக்க மாட்டார்கள், அந்த வீட்டுச் சோற்றை யாரும் தொட மாட்டார்கள்.

யோசபுரோவுக்கு வந்தது காசம் இல்லை. அது எனக்குத் தெரியும், தட்சுவுக்குத் தெரியும், சுண்ணாம்பு தூவியவனுக்கும் தெரியும். அதற்கு எங்களிடம் ஒரு பேர் இருக்கிறது. யொரொகே.

யொரொகே என்றால் தள்ளாட்டம். குடித்துவிட்டு வருகிறவன் நடக்கிறானே, அந்த நடை. சுரங்கத்தில் அதற்குச் சாராயம் வேண்டாம். துளை போடும் மிஷின் வந்ததிலிருந்து பாறை மாவாகப் பறக்கிறது. மிஷின் பிடிக்கிறவன் முகம் மீசையெல்லாம் வெள்ளையாகத்தான் மேலே வருவான். சில வருஷத்தில் படி ஏறும்போது நடுவில் நிற்பான். பிறகு சுவரைப் பிடிப்பான். பிறகு சமதரையிலேயே தள்ளாடுவான், அப்புறம் படுத்துவிடுவான். கல் மாவு நெஞ்சுக்குள் போய் உட்கார்ந்துகொள்கிறது, அவ்வளவுதான். இது ஒட்டாது, பரம்பரையில் வராது.

ஆனால் எங்கள் மலையில் அந்தச் சொல்லைப் பயன்படுத்த ஒரு முறை இருக்கிறது. அது எப்போதும் பக்கத்து மலையில்தான் இருக்கும். "அந்த வெள்ளிச் சுரங்கத்துல யொரொகே ஜாஸ்தியாம்" என்பார்கள். வெள்ளிச் சுரங்கத்துக்காரர்கள் எங்களைக் காட்டி அதையே சொல்வார்கள். நம் ஊரில் ஒருவன் சுவரைப் பிடித்தால் அது சளி, இல்லாவிட்டால் வயசு, இல்லாவிட்டால் நேற்றுக் குடித்தது. உயிரோடு இருக்கிற ஒருவனைப் பார்த்து அந்தப் பேரைச் சொன்னால் சவப்பெட்டிக்கு அளவெடுத்த மாதிரி. பெண்டாட்டிகூடச் சொல்ல மாட்டாள். நானும் அதுவரை சொன்னதில்லை.

மறுநாள் காலையில் மருத்துவமனைக்குப் போனேன். டாக்டர் சின்ன வயசுக்காரர், கெட்டவர் என்று சொல்ல முடியாது. என்னைப் பார்த்ததும் நாற்காலியைக் காட்டினார். நான் உட்காரவில்லை.

"டாக்டர் ஐயா, அவருக்குக் காசம்னு எப்படிச் சொன்னீங்க?"

"நெஞ்சுல சத்தம் கேட்குதும்மா. நெஞ்சு நோய்."

"காசம் எப்படி இருக்கும்னு நான் பார்த்திருக்கேன். தட்சு தங்கச்சி நூல் ஆலையில இருந்து அதோட வந்துதான் விழுந்தா. சாயங்காலமானா காய்ச்சல், கன்னம் ரெண்டும் சிவந்துக்கும், துணி துணியா ரத்தம். இவருக்குக் காய்ச்சலும் இல்ல, ரத்தமும் இல்ல. மூச்சு மட்டும்தான் உள்ள போக மாட்டேங்குது. யொரொகேன்னு சொல்லுங்க."

அவர் எழுந்து போய் ஜன்னலைச் சாத்தினார். திரும்பி வந்து குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"அந்தப் பேரு ஒரு ஆளோட நிக்காதும்மா. உங்க வீட்டுக்காரருக்குச் சொன்னா, அவரோட மிஷின் பிடிக்கிற அத்தனை பேருக்கும் சொல்லணும். அப்புறம் கீழ இறங்க ஆள் இருக்காது. நானும் இந்த நாற்காலியில இருக்க மாட்டேன்."

"அதுக்காக என் பொண்ணு ரத்தத்துல இல்லாத நோயை வைப்பீங்களா?"

"கிருமி இல்லவே இல்லன்னு என்னால சொல்ல முடியாதே."

"இருக்குன்னு மட்டும் சொல்ல முடியுதா?"

இருமலுக்கு ஒரு பொட்டலம் மருந்தை என் பக்கம் நகர்த்தினார். "உங்க தொண்டையிலதான் ஏதோ அடைச்சிருக்கு, நீங்களே சாப்பிடுங்க" என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன். அப்படிப் பேசியது எனக்குத் திருப்தியாக இருந்தது. ஆனால் வீடு வருவதற்குள் திருப்தி தீர்ந்து பயம் வந்துவிட்டது.

யோசபுரோ மெத்தைச் சுருளில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். படுத்தால் மூச்சு நின்றுவிடும். ஃபுகி அடுப்பில் கொன்யாக்கு அவித்துக்கொண்டிருந்தாள். அந்தக் கிழங்குக் களி வயிற்றுக்குள் போன மணலைக் கூட்டிப் பெருக்கிவிடும் என்று மிஷின்காரன் பெண்டாட்டிகள் எல்லோரும் அவித்துப் போடுவோம். மணல் உள்ளே போகிறது என்று பானைக்குத் தெரியும், வாய்க்குத்தான் தெரியாது.

"என்ன சொன்னான் டாக்டர்?"

"காசமாம்."

"நான் என்ன நூல் ஆலைப் பொண்ணா?" என்றார். சிரிக்கப் போய் இருமல் பிடித்துக்கொண்டது. அது அடங்கும்வரை முதுகைத் தடவிக்கொண்டே இருந்தேன். பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஷிகே, நீயே சொல்லிடு."

"என்னத்தை?"

"அந்தப் பேரை. நீ சொன்னாலும் சொல்லாட்டாலும் நான் போறவன்தான். நான் போறதுக்கு என் பொண்ணு ஏன் பழி சுமக்கணும்?"

என்னால் முடியவில்லை. தண்ணீர் வேண்டுமா, கால் குளிர்கிறதா என்று என்னென்னவோ கேட்டேன். அவர் கையை விடவில்லை. கடைசியில் சொன்னேன். "யொரொகே." சொன்னதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது. அவர் தலையை ஆட்டினார். "ம். சரியாத்தான் இருக்கு" என்றார், புதுச் செருப்புக்கு அளவு பார்த்தவர் மாதிரி. அடுப்பருகே ஃபுகி முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

ஒரு தடவை சொன்ன பிறகு எனக்கு வாய் நிற்கவில்லை. குழாயடியில் சொன்னேன். தாதுக் கொட்டகையில் கல்லை உடைத்துக்கொண்டே சொன்னேன். மிசோ விழுது வாங்கப் போன கடையில், யாரும் கேட்காமலே, "எங்க வீட்டுக்காரருக்கு யொரொகே. காசம் இல்ல" என்றேன். ஒருத்தி தன் குழந்தையின் காதைப் பொத்தினாள். இன்னொருத்தி, "இப்படியா வெட்டவெளியில பேசுவாங்க" என்று முணுமுணுத்தாள். "வீட்டுக்குள்ள பேச ஆள் வரதில்லையே, நீதான் வாயேன்" என்றேன். அவள் வரவில்லை.

மூன்றாம் நாளோ நாலாம் நாளோ இவாசே மேஸ்திரி வந்தார். வாசலுக்கு வெளியே எட்டி நின்றுகொண்டு கத்தினார்.

"உன் வாயால ஆளுங்க கலைஞ்சு போறாங்க. அடங்கலேன்னா வீட்டைக் காலி பண்ணச் சொல்வாங்க, தெரியுமில்ல?"

"பண்ணிடலாம் மேஸ்திரி. அவரால நடக்க முடியாது. நீங்களே உள்ள வந்து கட்டிப் பிடிச்சுத் தூக்குங்க."

அவர் இன்னும் இரண்டடி பின்னால் போனார்.

"ஏன் பயப்படறீங்க? காசம்னா ஒட்டும். யொரொகேன்னா ஒட்டாது. எதுன்னு நீங்களே சொல்லுங்க!"

அவர் போன பிறகு சுவருக்கு அந்தப் பக்கமிருந்து தட்சுவின் குரல் வந்தது. "வாயை மூடுடி! கேட்கவே காது கூசுது!"

"நீ காதை மூடு! சுவர்ல காசம் ஊறி வந்துடப் போகுது!"

பதிலுக்கு இருமல் வந்தது. அது தட்சுவின் இருமல் இல்லை, கொன்சோவின் இருமல். வறண்டு, நீளமாக, அடியில் ஏதோ சுரண்டுகிற மாதிரி. அதோடு பலகை இடுக்கு வழியாகக் கொன்யாக்கு வேகிற வாசனையும் வந்தது. நான் அப்படியே உட்கார்ந்துவிட்டேன். அப்போதுதான் எனக்கு அவள் கதை புரிந்தது. யோசபுரோவுக்குக் காசம் என்றால் அது எங்கள் வீட்டு ரத்தத்தின் தப்பு. அவள் வீட்டுக்கு அதில் பங்கில்லை. யொரொகே என்றால், ஒரே துளையில் மிஷின் பிடித்த கொன்சோவுக்கும் அதேதான். அவள் என்னைக் குளிக்க விடாததற்குக் காரணம் என் மேல் வெறுப்பு இல்லை. கோபம் எனக்குக் கொஞ்சம் குறைந்தது, ஆனால் விடுவதாக இல்லை.

செய்ஜி ஒரு நாள் பின்வாசல் வழியாக வந்தான். ஆற்று மீன் நாலைந்தை நாணலில் கோத்துக் கொண்டுவந்திருந்தான்.

"அத்தை, அம்மா என்ன சொன்னாலும் நான் ஃபுகியைத்தான் கட்டிக்குவேன்."

"உங்கம்மா சோத்தை நிறுத்திடுவாடா."

"நிறுத்தட்டும். இனிமே எனக்குக் கூலி ஜாஸ்தி. முட்டு மரம் தூக்கற வேலையை விட்டுட்டேன். மிஷின் தர்றாங்க." முகமெல்லாம் பல்லாகச் சொன்னான்.

மீனைக் கையில் வாங்கியவள் அப்படியே நின்றேன். "யாரோட மிஷின்?"

அவன் தலையைக் குனிந்துகொண்டான். உள்ளே யோசபுரோ இருமினார்.

"மாமாவோடது. அந்த இடத்துக்கு ஆள் வேணும்ல, அத்தை?"

"அந்த மிஷினைத் தொட்டா என் பொண்ணு உனக்கு இல்ல."

"மிஷின் இல்லாம உங்க பொண்ணை எதை வச்சுக் காப்பாத்துவேன்? மிஷின் கிடைச்சதை அம்மா ஊர் முழுக்கச் சொல்லிட்டா. பக்கத்து வரிசையில எல்லாம் வயித்தெரிச்சல் படறாங்க."

"உங்கப்பா இருமறது உனக்குக் கேட்கலையா?"

"அது சளி" என்றான். அவன் அம்மாவின் அதே குரல்.

ஃபுகி எங்கள் பேச்சைக் கேட்டுக்கொண்டு நின்றாள். அவன் போன பிறகு என்னிடம், "கல்யாணம் நின்னா நிக்கட்டும்மா. அவன் உள்ள மட்டும் போகக் கூடாது" என்றாள். என் மகள் அவ்வளவு உறுதியாகப் பேசி நான் கேட்டதில்லை. அதுவரை நான் ஒரு கல்யாணத்துக்காகக் கத்திக்கொண்டிருந்தேன். இப்போது ஒரு உயிருக்காக. தட்சு அந்தப் பேரை ஒத்துக்கொண்டால்தான் அவள் பையன் பிழைப்பான். அவளுக்கு எப்படிச் சொல்வது? கத்தினால் அவளும் கத்துவாள். அதில் அவள் எனக்கு மேல்.

முதல் உறைபனி விழுந்த காலையில் யோசபுரோ போய்விட்டார். உட்கார்ந்தபடியே, என் தோளில் சாய்ந்தபடியே. சுமக்க வேண்டிய சங்கத்துத் தம்பிமார்களில் பாதிப் பேர் சுண்ணாம்புக்குப் பயந்து வரவில்லை. கொன்சோ வந்தார். தட்சு அவர் சட்டைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டே வாசல்வரை வந்தாள்.

"விடுடி. என் அண்ணன். நான் தூக்காம வேற யார் தூக்குவா?" என்றார் கொன்சோ. என்னைப் பார்த்து, "அண்ணி, முன்பக்கம் எனக்கு" என்றார்.

சுடுகாடு மலைச்சரிவில் மேலே இருக்கிறது. பாதி ஏற்றத்தில் கொன்சோ நின்றார். மறுபடி நடந்தார். பிறகு அவர் ஒரு பக்கமாகத் தள்ளாட, பெட்டியின் மூலை தேவதாரு மரத்தில் இடித்தது. தூக்கினவர்கள் எல்லோரும் நின்றுவிட்டார்கள். வெகு தூரம் பின்னால் வந்துகொண்டிருந்த தட்சு அங்கிருந்தே கத்தினாள். "பாசி! வழுக்குது, பார்த்து!"

மழை பெய்து எத்தனையோ நாளாகியிருந்தது. பாதையில் புழுதிதான் பறந்தது. பின்பக்கம் பிடித்தவன் முன்னால் வந்து கொன்சோவின் தோளிலிருந்த பாரத்தை வாங்கிக்கொண்டான்.

விறகையும் வைக்கோலையும் அடுக்கித் தீ வைத்துவிட்டு இறங்கினோம். மறுநாள் காலை எலும்பு பொறுக்கப் போனோம். நான், ஃபுகி, கொன்சோ, வந்த தம்பிமார்கள். புருஷன் வந்தால் பெண்டாட்டியும் வரவேண்டும் என்பதற்காகத் தட்சுவும் வந்தாள். ஆனால் வாயில் துண்டைக் கட்டிக்கொண்டு மரத்தடியிலேயே நின்றுவிட்டாள்.

சாம்பலைக் கிளறினேன். கால் எலும்பு, முதுகெலும்பு எல்லாம் வெள்ளையாக, சுத்தமாக இருந்தன. நெஞ்சு இருந்த இடத்தில் இரண்டு கட்டிகள் கிடந்தன. கருப்பும் சாம்பலுமாக, கைக்குள் அடங்காத அளவு. சிதைக்கு வைத்த கல் உள்ளே விழுந்துவிட்டதோ என்று நினைத்தேன். கொன்சோ குச்சியால் தட்டிப் பார்த்தார். 'டொக்' என்றது.

ஃபுகிதான் முதலில் புரிந்துகொண்டாள். "அம்மா, அது அப்பா நெஞ்சு" என்றாள்.

அந்த மனிதர் இத்தனை வருஷம் இதைச் சுமந்துகொண்டா படியேறி வந்தார், இதை வைத்துக்கொண்டா சிரித்தார்? நான் திரும்பிக் கூப்பிட்டேன்.

"தட்சு, இங்க வா."

"வரமாட்டேன்."

"உன் தங்கச்சி எலும்பைப் பொறுக்கினது யாரு?"

"நான்தான். வேற யார் வந்தாங்க?"

"அவ நெஞ்சுல என்ன மிஞ்சிச்சு?"

"ஏன்டி இப்போ அதைக் கேட்கற?" அவள் குரல் கம்மியது. "ஒண்ணும் மிஞ்சல. ஊதினாப் பறந்துடுச்சு. பொறுக்க ஒண்ணுமே இல்ல அவகிட்ட."

"அது காசம். இப்போ வந்து இதைப் பாரு."

அவள் வந்தாள். என் எதிரில் உட்கார்ந்தாள். எலும்பு பொறுக்கும் வழக்கப்படி ஒரு மூங்கில் குச்சியும் ஒரு மரக்குச்சியுமாக அவளிடம் ஒரு ஜோடி நீட்டினேன். வாங்கிக்கொண்டாள். இரண்டு பேரும் ஒரு கட்டியை இரண்டு பக்கமும் பிடித்துத் தூக்கினோம். குச்சிகள் வளைந்தன. கட்டி நழுவிப் பக்கத்துக் கல்லில் விழுந்து உருண்டது. உடையவில்லை. தட்சு குச்சியை வைத்துவிட்டு அதை வெறுங்கையால் எடுத்தாள். வாயில் கட்டியிருந்த துண்டு நழுவிக் கழுத்துக்கு வந்தது, அவள் கவனிக்கவில்லை. கையில் வைத்து எடை பார்த்தாள். பிறகு கொன்சோவைப் பார்த்தாள்.

"உங்களுக்குத் தெரியுமா?"

"தெரியும்" என்றார் கொன்சோ.

"எப்போ இருந்து?"

"நீ கொன்யாக்கு அவிக்க ஆரம்பிச்சியே, அப்போ உனக்கு எப்படித் தெரிஞ்சுதோ அப்படித்தான் எனக்கும்."

அவள் கையை ஓங்கினாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். ஓங்கிய கையால் அவர் மார்பைத் தொட்டாள். அதே நேரம் கீழே சுரங்க வாசலில் வேலைக்கு இறங்கும் முரசு அடித்தது.

தட்சு துள்ளி எழுந்தாள். "ஐயோ, செய்ஜி! அவனுக்கு இன்னிக்குத்தான் மிஷின்!"

கட்டியைத் துண்டில் சுற்றிக்கொண்டு சரிவில் ஓடினாள். நானும் ஓடினேன். செருப்பு ஒன்று எங்கோ கழன்று விழுந்தது.

எங்கள் சுரங்கத்தில் பெண்கள் வாசல் தாண்டக் கூடாது. மலையம்மனும் ஒரு பெண், அவளுக்கு இன்னொரு பெண்ணைப் பார்த்தால் பொறாமை வரும் என்பார்கள். அதைவிடப் பெரிய பயம் சாவுத் தீட்டு. சாவு வீட்டு ஆள் எதிரே வந்தால் அன்றைக்கு ஒருவனும் உள்ளே இறங்க மாட்டான், பாறை தலையில் இறங்கும் என்று நம்பிக்கை. நாங்கள் இருவரும் கையெல்லாம் சுடுகாட்டுச் சாம்பலோடு போய் வாசலை மறித்துக்கொண்டு நின்றோம். தட்சு, குளியல் கூடத்தில் என் முன்னால் நின்ற மாதிரியே, இரண்டு கையையும் விரித்துக்கொண்டாள்.

வரிசை நின்றது. முன்னாலேயே செய்ஜி, கையில் விளக்கோடு.

"ஏய்! என்ன அக்கிரமம் இது? தீட்டோட வந்து நிக்கறீங்களே! தள்ளுங்க!" இவாசே மேஸ்திரி அலறினார். அலறினாரே தவிர எங்களைத் தொட வரவில்லை. தொட்டால் அவருக்கும் தீட்டு.

தட்சு துண்டை அவிழ்த்தாள். "இது யோசபுரோ அண்ணன் நெஞ்சு. விறகு தீர்ற மட்டும் எரிச்சும் எரியல. இதுக்குப் பேர் என்ன, மேஸ்திரி?"

"டாக்டர் சொல்லியிருக்காரே… காசம்…"

"என் தங்கச்சி காசத்துல போனா. அவளை இந்தக் கையாலதான் பொறுக்கினேன். காசம் எப்படி இருக்கும்னு எனக்குச் சொல்லித் தராதீங்க! பேரைச் சொல்லுங்க. சொல்லிட்டு என் பையனை உள்ள கூப்பிட்டுக்கோங்க."

மேஸ்திரி வாயைத் திறந்தார், மூடினார். வரிசையில் ஒருவனும் அசையவில்லை. எல்லோருடைய கண்ணும் அந்தக் கட்டி மேலேயே இருந்தது. அதில் பாதிப் பேர் தங்கள் மார்பில் கை வைத்திருந்தார்கள்.

"சொல்ல மாட்டீங்க. நானே சொல்றேன்." தட்சு மூச்சை இழுத்தாள். "யொரொகே. பக்கத்து மலையில இல்ல. இந்த மலையில. யோசபுரோ அண்ணனுக்கு இருந்துச்சு." அதற்குமேல் குரல் உடைந்தது. நான் அவள் தோளைப் பிடித்துக்கொண்டேன். அவள் என் கையைத் தட்டிவிட்டு மறுபடி நிமிர்ந்தாள். "எங்க வீட்டுக்காரருக்கும் இருக்கு."

கொன்சோ அப்போதுதான் இறங்கி வந்து முரசுக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்தார்கள். அவர் தலையாட்டினார்.

"எங்கண்ணனுக்கும் அதுதான்" என்றது வரிசையின் நடுவிலிருந்து ஒரு குரல். "எனக்கும் படியில மூச்சு நிக்குது" என்றது இன்னொன்று. செய்ஜி முன்னால் வந்து விளக்கைத் தன் அம்மாவின் காலடியில் வைத்தான். பல்லைக் கடித்துக்கொண்டு அழுதான்.

"ஃபுகியைக் கட்டணும்னா மரம் தூக்கு. வண்டி தள்ளு. இனிமே கண்டிஷன் போடறது நாங்க" என்றேன். தட்சு என்னை முறைத்தாள், மறுக்கவில்லை.

அன்றைக்கு யாரும் உள்ளே இறங்கவில்லை. மறுநாள் இறங்கினார்கள். வயிறு என்று ஒன்று இருக்கிறதே. ஆனால் துளைக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டுதான் மிஷின் பிடிப்போம் என்று மேஸ்திரியிடம் சொல்லிவிட்டு இறங்கினார்கள். ஏன் என்று அவர் கேட்டபோது, காரணத்தைப் பேரோடு சொன்னார்கள்.

அதெல்லாம் மறுநாள். அன்று சாயங்காலம் நான் பலகை விட்டுப் போன தொட்டியோடு குளியல் கூடத்துக்குப் போனேன். தட்சு கதவைத் திறந்து வைத்திருந்தாள். எனக்கு முன்னால் யாரையும் இறக்கவில்லை போலிருக்கிறது, தண்ணீர் அசையாமல் இருந்தது. அவளே உள்ளே வந்து, சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு, என் பின்னால் உட்கார்ந்து முதுகு தேய்க்க ஆரம்பித்தாள். தோல் உரிகிற மாதிரி தேய்த்தாள்.

"மெதுவாடி, நான் பாறையா?"

அவள் சிரிக்கவில்லை. அவள் கை நின்றது.

"ஷிகே."

"ம்."

"உன் வீட்டுக்காரர் முதல்ல எந்தப் படியில நின்னாரு?"

"கொட்டகைக்குப் பக்கத்துல இருக்கே, பெரிய படி. அங்க."

"எங்க வீட்டுக்காரரும் அங்கதான் நிக்கறாரு." என் முதுகில் இருந்த துணியை அவள் இறுக்கிப் பிடித்தாள். "அதுல இருந்து… எவ்வளவு நாள்…"

நான் திரும்பி அவள் கையிலிருந்த துணியை வாங்கிக்கொண்டேன்.

"திரும்பி உட்காரு. உன் முதுகைத் தேய்ச்சுக்கிட்டே சொல்றேன்."

அவள் திரும்பி உட்கார்ந்தாள். நான் முதலிலிருந்து சொல்ல ஆரம்பித்தேன்.